நாகநாதர் வீட்டு மேசையில் ஒரு சுற்றறிக்கை

என் தங்கை மகள் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கற்பிக்கிறாள். சென்ற வாரம் அவள் என்னைப் பார்க்க வந்தபோது, பையிலிருந்து எடுத்த இட்டிலிப் பொட்டலத்தோடு ஓர் அச்சிட்ட தாளும் மேசைக்கு வந்தது. எந்தத் தாள் கிடைத்தாலும் வாசித்துவிடும் பழக்கம் எனக்கு உண்டு. கடையில் சாமான் சுற்றித் தரும் காகிதத்தையும் விட்டுவைப்பதில்லை. அவள் உறுப்பினராயிருக்கும் அறிவியல் சங்கத்தின் அறிக்கை அது. உறுப்பினர்களுக்கான வாய்ப்புகள் ஒரு பக்கம், உறுப்பினர் செய்திகள் மறுபக்கம். வாய்ப்புகளில் முதலாவது ஒரு வெளிநாட்டுப் பயிற்சி. விண்ணப்பிக்கக் கடைசி நாள் போன வெள்ளிக்கிழமை.

“இதின்ரை நாள் முடிஞ்சுபோச்சே, பிள்ளை?” என்றேன்.

“எப்பவும் அப்படித்தான் பெரியம்மா. நம்ம கைக்கு வர்றதுக்குள்ள டேட் போயிடும். யாருக்குன்னு முன்னாடியே முடிவு பண்ணியிருப்பாங்க லா. சும்மா போடுறது.”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கசப்பு என்று சொன்னால் அது மரியாதையான சொல்லாகிவிடும். எனக்கு வந்தது அருவருப்பு. ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் அது கெட்டுப்போகாமல் இருக்கிறதே என்று எனக்கே வியப்பாக இருந்தது.

இந்தக் காலத்துத் தாளுக்கு வாசனை கிடையாது. நான் அறிந்த சுற்றறிக்கைக்கு ஒரு வாசனை இருந்தது: பிரதியெடுக்கும் சைக்ளோஸ்டைல் இயந்திரத்து மையின் எண்ணெய் வாடையும், ஸ்டென்சிலில் தவறு திருத்தப் பூசும் செந்நிறத் திரவத்தின் கிறக்கமும் கலந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் கோலாலம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கீழ்வகுப்பு ஆசிரியை. தலைமையாசிரியை ஓர் ஆங்கில அம்மையார். அவருடைய சகோதரர் அந்நாளைய இயற்கையறிவுக் கழகமொன்றுக்குச் செயலாளர். கழகத்துக்குச் சொந்த இயந்திரம் இல்லாததால், அதன் சுற்றறிக்கை எங்கள் பள்ளி அலுவலகத்தில் சனிக்கிழமைகளில் உருவாயிற்று. தட்டெழுத்து எனக்குச் சுத்தமாக வரும் என்று அம்மையார் கண்டுபிடித்ததே அதற்குக் காரணம். இலத்தீன் பெயர்களைத் தட்டுவதாலேயே நானும் ஒரு விஞ்ஞானிதான் என்ற எண்ணம் எனக்குள் வளர்ந்திருந்தது. ஒருமுறை ஒரு வண்ணத்துப்பூச்சியின் பெயரைக் கொண்டுபோய் ஒரு வௌவாலுக்குச் சூட்டிவிட்டேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அங்கத்தவர்கள் எவ்வளவு ஊன்றி வாசித்தார்கள் என்பதை அன்றே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அவர்கள் ஊன்றி வாசித்தது செய்திப் பகுதியை. எந்தத் துரை விடுமுறைக்குக் கப்பலேறினார், எந்தத் துரைசாணி மலைவாசத்திலிருந்து திரும்பினார், யாருக்குப் பதவி உயர்ந்தது. ஒரு துரையின் நாய் இறந்ததற்கு நான்கு வரி அனுதாபம் தட்டியிருக்கிறேன். அதே மாதம் கழகத்துக்காகக் காட்டில் செடி சேகரித்துக் காய்ச்சலில் மாண்ட கூலிக்காரர் ஒருவருக்கு வரியே இல்லை. கேட்டேன். “அவர் உறுப்பினரல்லவே,” என்றார் அம்மையார், மிகுந்த மென்மையுடன்.

உறுப்பினரிலும் இரண்டு சாதி உண்டு. முழு உறுப்பினர்கள் வெள்ளைக்காரர்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு பிரதி தபாலில் போகும். இணை உறுப்பினர்கள் நம்மவர்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பிரதி. அதை ஓர் அட்டைக் கோப்பில் வைத்து நாடாவால் கட்டி, முதலாமவருக்கு அனுப்புவார்கள். அவர் வாசித்து, உள்ளே ஒட்டிய சீட்டில் கையொப்பமும் தேதியும் இட்டு, அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். அந்த வரிசை எதைக் கொண்டு அமைந்தது என்று நினைக்கிறீர்கள்? அறிவைக் கொண்டுமல்ல, சேர்ந்த காலத்தைக் கொண்டுமல்ல. அரசாங்க உத்தியோகத்தின் படியைக் கொண்டு. நில அளவைக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், படம் வரையும் என் அண்ணா கடைசிப் படியில் நின்றார்.

இயந்திரத்தில் மை சீராகும்வரை ஓடுகிற முதல் தாள்கள் கறுத்து வழியும். அவற்றைக் குப்பைக்கூடையில் போடுவோம். அந்தக் கழிவு, இணை உறுப்பினர்களின் தொகையைவிட எப்போதும் அதிகமாகவே இருக்கும். இன்னும் கொஞ்சம் தாள் ஓட்டினால் ஆளுக்கொன்று கொடுக்கலாமே என்று ஒருநாள் சொன்னேன். “உங்கள் மக்கள் கூடி வாழ்பவர்கள். கோப்பு வீடு வீடாகப் போவது அவர்களுக்குள் தோழமையை வளர்க்கும்,” என்றார் அம்மையார். அதை அவர் உண்மையாகவே நம்பினார். எனக்கு அதுதான் குமட்டியது.

குமட்டல் என்றதும் எங்கள் வீட்டுப் பின்கூடம் நினைவுக்கு வருகிறது. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே குவார்ட்டர்ஸ்; அப்பா இரயில்வேயில் தலைமைக் கிளார்க். பின்கூடத்து அலமாரியில் அண்ணாவின் போத்தல்கள் இருந்தன. ஸ்பிரிட்டில் ஊறிய நண்டுகள். மூடி தளர்ந்த நாளில் சாராயமும் அழுகலும் சேர்ந்து வீசும். “சோறு தின்னுற வீட்டிலை பிணம் வைச்சிருக்கிறான்,” என்று அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்துவார். ஆயினும் தூசி தட்டும்போது ஒரு போத்தலையும் இடம் மாற்றமாட்டார்.

அண்ணா ஞாயிறுதோறும் முதல் இரயிலில் கிள்ளானுக்கும் அதற்கப்பால் துறைமுகக் கரைக்கும் போவார். ஒருமுறை என்னையும் கூட்டிச்சென்றார். கடல்நீர் வற்றிய வேளையில் அலையாத்தி மரங்களின் அடியில் சேறு பளபளவென்று கிடந்தது. ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகள், ஆயிரக்கணக்கில், அந்தக் கொடுக்கை உயர்த்தி உயர்த்தி இறக்கின. ஊரே ஒன்றுகூடி யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்தது. அண்ணா முழங்கால்வரை சேற்றில் இறங்கி, ஒன்றைப் பிடித்துக் காட்டினார். மற்றவற்றின் கொடுக்கு வெளிறியது. இதனுடையது செம்மஞ்சள், விளிம்பில் நீலக் கீற்று.

“இது வேறை சாதி, தங்கச்சி. நான் பாத்த புத்தகம் ஒண்டிலையும் இல்லை. ஸ்பிரிட்டிலை போட்டால் நிறம் போயிடும். அதுதான் உடனை வரையிறன்.”

தண்டவாளம் பழுதுபார்க்கும் கூலிக்காரர் ஒருவர் கரையில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏங்க சார், இத கொழம்பு வச்சா ஒரு ஆளுக்குக்கூடப் பத்தாதே. இதுக்கா இம்புட்டுப் பாடு?”

“பேர் வைக்கத்தான் அண்ணே,” என்றார் அண்ணா.

“பேரா? எம்புள்ளைக்கே இன்னும் வைக்கல லா!” என்று அவர் சிரித்தார், அண்ணாவும் சேறு படிந்த முகத்தோடு சிரித்தார். அவர் அவ்வளவு பெரிதாகச் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

பெயர் வைப்பது எளிதன்று. ஜாவாத் தீவின் காட்சிசாலையில் இருந்த நண்டுகளோடு ஒப்பிட்டு, இது புதியதே என்று நிலைநாட்ட வேண்டும். கீழ்ப்படி உத்தியோகத்தருக்கு அவ்வளவு நாள் விடுமுறையும் கிடையாது, அங்கே நுழைய அறிமுகமும் கிடையாது. இந்த நிலையில்தான் ஒரு சனிக்கிழமை நான் தட்டிய ஸ்டென்சிலில் அந்த அறிவிப்பு வந்தது. உறுப்பினர் ஒருவரைச் சில மாதங்கள் ஜாவாவுக்கு அனுப்பக் கழகம் முன்வந்திருந்தது. கடல்சார் உயிர்களில் பழக்கமுள்ளவராயிருப்பது விரும்பத்தக்கது. இணை உறுப்பினரும் விண்ணப்பிக்கலாம். கடைசி நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. அதைத் தட்டும்போது இரண்டு எழுத்துப் பிழைகள் விழுந்தன.

குப்பைக்கூடையிலிருந்து ஒரு கறுத்த தாளை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அண்ணா அதை வாசித்து, மறுபடி வாசித்து, அப்பாவிடம் நீட்டினார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கு உன்ரை பேரிலை கோப்பு வந்ததோ?”

“இன்னும் இல்லை அப்பா. வரிசையிலை வரும்.”

“அப்ப உனக்கு அறிவிக்கேல்லை. அறிவிக்காததுக்கு எப்பிடி விண்ணப்பிக்கிறது? கடிதத்தின்ரை முதல் வரியிலை எதைக் குறிச்சு எழுதுவாய்? தங்கச்சி குப்பைக்கூடையிலை எடுத்தவள் எண்டோ?”

“நாள் போயிடுமே அப்பா,” என்றேன் நான்.

“முறையாய் வரட்டும். முறை தவறிப் போனவனை எந்தத் துரையும் மதிக்கமாட்டான். உன்ரை வேலைக்கும் ஆபத்து, பிள்ளை.”

அப்பாவைப் பழித்துவிடாதீர்கள். இலங்கையிலிருந்து வந்து, கந்தோர் ஒழுங்கைப் பற்றிக்கொண்டே ஒரு குடும்பத்தைக் கரையேற்றியவர் அவர். தான் அந்த ஒழுங்கைக் காத்தால் அது தன்னைக் காக்கும் என்று அவர் மெய்யாகவே நம்பினார். அண்ணாவும் நம்பினார். விண்ணப்பத்தை அழகிய கையெழுத்தில் எழுதி, கோப்பு வந்த தேதியைக் குறிக்க மட்டும் ஓர் இடைவெளி விட்டுவைத்தார்.

கோப்பு வந்துகொண்டுதான் இருந்தது. இரண்டாம் வார முடிவில் அது எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. அண்ணாவுக்கு முந்திய படியிலிருந்த நாகநாதர் வீட்டுக்கு. எங்கள் வாசலில் நின்றால் அவர் முன்னறை தெரியும். நாகநாதர் கருவூலத்தில் அண்ணாவுக்கு ஒரு படி மேல்; எங்கள் தெருவுக்கு அதுவே பெரிய உத்தியோகம். அவருடைய தோட்டக்காரன் அடித்த மலைப்பாம்பைக் கழகத்துக்கு அன்பளிப்பாக அனுப்பி இணை உறுப்பினரானவர். சிலந்திக்கும் நண்டுக்கும் கால் கணக்கு வேறு என்பதை அவர் அறிந்திருந்தார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

மறுநாள் அவர் மகளுக்குப் பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்கும் அந்தச் சடங்குக்குத் தெருவே திரண்டது. முன்னறை மேசையில், பின்னல் விரிப்பின் மேல், கோப்பு கிடந்தது. கழகத்தின் பெயர் எழுதிய பக்கம் வாசலை நோக்கியிருந்தது. நாடா அவிழ்க்கப்படவே இல்லை. யாரோ அதன் மேல் பயத்தம்பணியாரத் தட்டை வைத்து எடுத்திருந்தார்கள். அட்டையில் வட்டமாக எண்ணெய் ஊறியிருந்தது.

“இதென்ன ஃபைல், ஐயா?” என்றார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்.

“அது துரைமாரின்ரை சங்கம். எனக்கு அனுப்பாமல் அவையள் ஒண்டும் செய்யிறேல்லை.”

அண்ணா அருகே போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்: “மாமா, பாத்து முடிஞ்சுதெண்டால் நான் கொண்டுபோகட்டே?”

“எடே தம்பி, நண்டெல்லாம் ஓடிப்போகாது! கலியாணம் முடியட்டும். நாலு பெரிய மனிசர் வந்து போற வீடு. மேசையிலை கிடக்கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணா அப்பாவைப் பார்த்தார். அப்பா தட்டிலிருந்த பணியாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தின்னவில்லை.

கடைசி நாள் கடந்துபோன பின், திங்கட்கிழமை, கோப்பு எங்கள் வீட்டுக்கு வந்தது. அண்ணா நாடாவை அவிழ்த்து, முழுவதையும் வாசித்து, சீட்டில் ஒப்பமும் தேதியும் இட்டு, எண்ணெய்க் கறையைத் துணியால் துடைத்துச் செயலாளருக்குத் திருப்பி அனுப்பினார். அந்தத் தேதியைக்கூட அவர் சரியாகவே இட்டார்.

அடுத்த சுற்றறிக்கையையும் நான்தான் தட்டினேன். ஒரு தோட்டத் துரையின் மருமகன் ஜாவா சென்றதாகவும், அங்கே குதிரையேற்றத்துக்கு நல்ல வசதி இருப்பதாகவும் செய்தி. அதன் கீழ், இணை உறுப்பினர்களிடமிருந்து ஒரு விண்ணப்பமும் வராததைச் செயலாளர் வருத்தத்துடன் குறிப்பிட்டிருந்தார். அவர்கள் ஆர்வம் குன்றியவர்களாயிருப்பது துரதிர்ஷ்டமாம். இணை உறுப்பினர் செய்தியில், நாகநாதர் மகளின் திருமணத்துக்கு வாழ்த்து. ஒவ்வோர் எழுத்தையும் பிழையின்றித் தட்டினேன். பிறகு கைகழுவப் போனேன். மை சவர்க்காரத்துக்குப் போகவில்லை. அந்தக் கையால் அன்று சோறு உண்ண எனக்கு மனம் வரவில்லை.

அண்ணா ஞாயிறுகளில் வீட்டிலேயே இருக்கத் தொடங்கினார். ஒரு காலையில் போத்தல்களை ஒவ்வொன்றாகப் பின்புறச் சாக்கடையில் கவிழ்த்தார். நிறமிழந்த கொடுக்குகள் வெந்த அரிசிபோல் மிதந்தன. காகங்கள் வந்து பார்த்துவிட்டு ஸ்பிரிட் வாடைக்குப் பறந்துவிட்டன. நாற்றத்தை அத்தனை நாள் ஏசிய அம்மா, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அழுதார். வரைபடங்களைக் கரையான் பார்த்துக்கொண்டது. யுத்தம் மூள்வதற்குள் காய்ச்சல் அண்ணாவையும் கொண்டுபோயிற்று.

கழகம் யுத்தத்தோடு கலைந்தது. குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள், நாகநாதர் வீடு நின்ற இடத்தில் வாகனங்கள் நிற்கின்றன. துறைமுகத்தை விரித்தபோது அண்ணா இறங்கிய சேற்றைத் தூர்த்து, மேலே சிமெந்து போட்டு, இரும்புப் பெட்டிகளை மாடிமாடியாக அடுக்கியிருக்கிறார்கள். இந்நாட்டில் அழிந்துபோன உயிரினங்களைத் தொகுத்து இப்போது புத்தகம் வருகிறது. வாங்கி, பொறுமையாகக் கடைசிப் பக்கம்வரை வாசித்தேன். செம்மஞ்சள் கொடுக்கில் நீலக் கீற்றுள்ள நண்டு அதில் இல்லை. அழிந்தது என்று எழுதுவதற்கும் முதலில் ஒரு பெயர் வேண்டும்.