"இல்லை" என்று சொல்ல முடியாத கேள்வி

அறுந்த பிரம்பின் முனைகள் தொடையில் குத்தும். பாவாடையை இரண்டாக மடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாலும் எழும்பும்போது சிவப்புச் சிவப்பாகக் கோடு விழுந்திருக்கும். ஆனாலும் அப்பாவின் அந்தப் பிரம்புக் கதிரையில் உட்காருவதென்றால் எனக்குக் கொண்டாட்டம், ஏனென்றால் அதில் இருக்கும்வரை வீட்டில் நான்தான் "பெரிய ஐயா". அம்மாவும், என்னைவிட எட்டு வயது மூத்த அக்காவும் எனக்கு முன்னால் நின்று கேள்வி கேட்பார்கள். நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு "இல்லை" என்று சொல்ல வேண்டும். எனக்கு அப்போது பத்து வயது, அதை விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

திருகோணமலைத் துறைமுகக் களஞ்சியத்தில் எழுதுவினைஞராக இருந்த எங்கள் அப்பா, போர் நடந்த அந்த வருடங்களில் ஒரு நாள் காலை, வேலைக்குப் போகும் வழியில், எல்லாரும் "ரவுண்டப்" என்று சொல்லும் சுற்றிவளைப்பில் பிடிபட்டார். அவரை ஓர் இராணுவ முகாமுக்குள் கொண்டுபோனதை, சம்பூரிலிருந்து மீன் கொண்டுவருகிற ஒருவர் கண்டு வந்து சொன்னார். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் முகாம் வாசலில் போய் விசாரிக்கலாம். மண்மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் பெண்களின் வரிசை, முக்காடு போட்டவர்களும் பொட்டு வைத்தவர்களுமாகக் கிண்ணியாவிலிருந்தும் இலங்கைத்துறையிலிருந்தும் விடியமுன் புறப்பட்டு வந்தவர்கள். ஆளுக்கு ஒரு கேள்விதான் கேட்கலாம். தமிழில் கேட்பதை வாசலில் நிற்கும் ஒருவர் உள்ளே இருக்கும் பெரிய ஐயாவிடம் போய்ச் சிங்களத்தில் சொல்லி, பதிலைக் கொண்டுவந்து தமிழில் சொல்வார். "என்ர மனிசன் இஞ்ச இருக்கிறாரோ, ஐயா?" என்று அம்மா நான்கு செவ்வாய்க்கிழமைகள் கேட்டார். நான்கு முறையும் "இல்லை" என்றே பதில் வந்தது.

நான்காம் முறை கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "கேக்கிற கேள்வியிலயே பதிலையும் நானே குடுத்துப்போட்டு வாறன்" என்றார். அக்கா அப்போது உயர்தர வகுப்பில் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். எழுதிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள். "கடதாசியில வைச்சாத்தான் பிழை தெரியும்" என்று சொல்லிக்கொண்டு பழைய கலண்டர் தாள்களின் பின்புறத்தில், கேட்கக்கூடிய கேள்விகளையெல்லாம் எழுதினாள். பிறகு கதிரையைக் குசினிக்குள், அடுப்புக்கு முன்னால் இழுத்துப் போட்டு என்னை அதில் ஏற்றிவிட்டு, "நீ எந்தக் கேள்விக்கு 'இல்லை' எண்டு சொல்ல ஏலுதோ, அதை வெட்டுவம்" என்றாள். அவரை எப்போது விடுவீர்கள் என்று அம்மா கேட்பார். "அப்பிடி ஒராள் இஞ்ச இல்லை" என்பேன், அக்கா வெட்டுவாள். அவர் செய்த குற்றம் என்ன என்று கேட்டாலும் அதே பதில், அதே வெட்டு. இரண்டே நாளில் நான் அதில் கெட்டிக்காரியாகிவிட்டேன். அம்மாவின் கேள்விகளை ஒவ்வொன்றாக விழுத்துவதில் எனக்கிருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மூன்றாம் நாள் பின்னேரம், அம்மா அப்பாவின் பெயர் எழுதிய ஒரு சிறு கடதாசிப் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு "முட்டு" வருத்தம் இருந்தது. மூச்சு இழுக்கத் தொடங்கினால் மருந்துக் குளிசை இல்லாமல் படுக்கவும் ஏலாது, இருக்கவும் ஏலாது. "இது அவற்ர குளிசை, ஐயா. ஆரிட்டக் குடுக்கிறது?" என்று அம்மா பொதியை நீட்டினார். "இல்லை" சொல்ல வாயைத் திறந்த எனக்கு, கை தானாக நீண்டு அதை வாங்கிவிட்டது. அக்கா கைதட்டிச் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் மூவரும் போனோம். வாசலில் நின்றவரும் என்னைப் போலவே கையை நீட்டி வாங்கினார், உள்ளே போனார், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "ஒரு நாளைக்கு எத்தினை குடுக்கோணும்?" என்று கேட்டார். அப்பா உள்ளேதான் இருந்தார்! அம்மா வழியில் எங்களுக்குக் கச்சான் கடலை வாங்கித் தந்தார், பல நாட்களுக்குப் பிறகு சத்தமாகக் கதைத்தார். நான் "இல்லை" சொல்ல முடியாமல் போனதால்தான் அப்பா கிடைத்தார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்கு செவ்வாய்க்கிழமைகள் குளிசை உள்ளே போனது. ஐந்தாம் செவ்வாய்க்கிழமை பொதியை அவர் வாங்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "இனித் தேவையில்லையாம்" என்றார். அம்மா "சரி, ஐயா" என்றார். "ஏனெண்டு கேளுங்கோ அம்மா" என்று அக்கா முன்னே போக, அம்மா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா வழக்கம்போல் கடதாசியை எடுத்து, ஏன் தேவையில்லை என்பதற்கு இருக்கக்கூடிய காரணங்களை எழுதினாள். விட்டுவிட்டார்கள். வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயே மருந்து கொடுக்கிறார்கள். பிறகு நான்கு என்று இலக்கம் போட்டவள், பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். நான் கதிரையில் ஏறி உட்கார்ந்து, "அவரை விட்டிட்டம். இப்ப வந்துகொண்டிருப்பார்" என்று பெரிய ஐயாவின் குரலில் சொன்னேன். அம்மா என்னைத் தூக்கி இறக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அப்பா பிடிபட்ட நாளில்கூட அழாத அழுகையை அழுதார். அதன்பிறகு அவர் முகாம் வாசலுக்குப் போகவில்லை.

ஒரே ஒரு கேள்வி, அதை ஏன் கேட்காமல் விட்டார் என்று பல வருடங்கள் எனக்கு அவர்மேல் கோபம். எனக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகு ஒரு நாள் அதை நேராகவே கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல், "கேட்டிருந்தா, பதிலை வந்து உங்கள் ரெண்டு பேருக்கும் நான் சொல்ல வேண்டி வந்திருக்கும், பிள்ளை" என்றார்.

அம்மா காலமாகிவிட்டார். கனடாவில் இருக்கும் அக்கா தொலைபேசியில் எல்லாக் கதையும் கதைப்பாள், இதைத் தவிர. மண்மூட்டைகளும் வரிசையும் போய், முகாம் இருந்த இடத்தில் இப்போது வாகனங்கள் நிறுத்துகிறார்கள். சென்ற மாதம் அங்கே போய், வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். வாகனங்களுக்குச் சீட்டுக் கொடுக்கும் பெண் கிட்ட வந்து, "ஆரையம்மா தேடுறீங்கள்?" என்று அன்பாகத்தான் கேட்டாள்.

"ஒருத்தரையும் தேடேல்லை, பிள்ளை, சும்மா வந்தனான்" என்றேன். அப்பாவை என்று சொல்லியிருந்தால், அவர் எங்கே என்று அவள் கேட்டிருப்பாள்.