பூநாரைக்குப் பின்னால் ஒரு லுங்கி

மூன்று வருடம். சிறகை முழுசாக விரித்த ஒரே ஒரு பூநாரையைப் படம் பிடிக்க, மூன்று வருடம் ஏரிச் சேற்றில் முழங்கால் புதைய நின்றிருக்கிறேன். கேமராவைத் தூக்கினால் அந்தச் சனியன்கள் தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொள்ளும்; பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்ததும் பறக்கும். எங்கள் வீட்டு முருங்கைமரத்துக் காக்கைகூட எனக்கு முதுகைத்தான் காட்டும்.

அன்று காலை கிடைத்துவிட்டது! இரண்டு சிறகும் விரிய, ஒவ்வொரு இறகாக எண்ணிவிடலாம் போல. எனக்குத் தலைகால் புரியவில்லை. நேராகப் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போய், அங்கிருந்த மீனவர்களிடம் கேமராவை நீட்டினேன்.

ஒருத்தரும் பறவையைப் பார்க்கவில்லை.

"பின்னால இன்னா சார் அது, வலை கட்ன கம்பா?" என்றார் ஒரு படகுக்காரர். ஐம்பது வயதிருக்கும், ஊருக்கே கேட்கிற குரல். "இன்னிக்கு அந்த எடம் எங்க ஊரு பாடாச்சே!"

எந்த ஊர் எந்த நாளில் ஏரியில் எங்கே வலை போடலாம் என்பதற்கு முறை உண்டு, அதுதான் பாடு. அடுத்த ஊரின் பாடு அன்று வலை போட்டு மாட்டிக்கொண்டால், பஞ்சாயத்து கூடி அந்த ஆளை வருஷம் முழுக்க ஏரியில் இறங்க விடாது.

"எவன்டா அவன்? அவன் வூட்ல ஒலை கொதிக்கக் கூடாது! பெருசு பண்ணு சார்!"

பெரிதாக்கினேன். நாரை திரையை விட்டே போய்விட்டது. பச்சை லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவன் வலையோடு நின்றான். படகுக்காரர் கேமராவை மூக்கருகே கொண்டுபோனார். குரல் அப்படியே அடங்கிவிட்டது. என் காதோரம் குனிந்தார்.

"எங்க மாப்ள சார், பக்கத்து ஊரு. பொண்ணு முழுவாம கீறா. அழிச்சிடு சார்."

"வெளையாடுறீங்களா? மூணு வருஷம்!" என்று பல்லைக் கடித்தேன்.

"நாரை நாளைக்கும் வரும் சார். எனக்கு ஒரே மருமவன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் சுற்றி நின்றவர்கள் நெருக்கினார்கள். "யாருண்ணே அது?"

"யாருக்குத் தெரியும்? எல்லாம் மங்கலா கீது. இன்னா படம் புடிக்கிறாரோ இவரு!" என்று அவர் உரக்கச் சொன்னார். கண் மட்டும் என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது.

அழிக்கும் பொத்தானை அழுத்தினேன்.

"ஆமாங்க, கை ஆடிப்போச்சு" என்றேன். என் வாழ்க்கையில் கை ஆடாமல் எடுத்த ஒரே படம் அது.