மாயக்காள் மறித்த வடவண்டி

அவனியாபுரத்து மாயக்காள் கடலைக் கண்ணால் பார்த்தவள் இல்லை. ஆனாலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் தூத்துக்குடித் துறைமுகத்தில் பஞ்சுப் பொதி தூக்கிய வடங்களில் பாதி அவள் கைபட்டுப் போனவைதான். கண்ணுச்சாமியின் வடப்பட்டறைக்கு நார் திரிக்கும் கூலியாக வந்தவள், பத்து வருஷத்தில் வடத்தைச் சோதிக்கிறவள் ஆகிவிட்டாள். புளியமரக் கிளையில் பெரிய கல்லைக் கட்டித் தொங்கவிடுவாள். தாங்கினால்தான் வடத்தின் முனையில் சிவப்புத் துணி கட்டுவாள். துணி இல்லாத வடம் பட்டறையை விட்டு நகராது, முதலாளியே கெஞ்சினாலும் சரி.

அப்பேர்ப்பட்ட மகராசிதான் ஒரு தைப்பொங்கலன்று கோட்டை விட்டாள். கப்பல் காத்திருக்கிறது, மத்தியான ரயிலில் இருபது வடமும் ஏறாவிட்டால் ஆர்டரே கைவிட்டுப் போகும் என்று முதலாளி காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றார். வேலை சீக்கிரம் முடியட்டுமே என்று இருபதிலும் முதலிலேயே துணியைக் கட்டிவிட்டுச் சோதிக்க ஆரம்பித்தாள். ஏழு முடிந்திருக்கும், ஜல்லிக்கட்டு வாடிவாசலில் கொட்டுச் சத்தம் கேட்டது. அவள் வீட்டுக் காளை இறங்கப் போகிறது! மனசு கேட்குமா? ஓடிவிட்டாள்.

காளை ஒருத்தன் கையிலும் சிக்காமல் பாய்ந்து மானத்தைக் காப்பாற்றியது. வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தால் பட்டறை காலி. துணியைப் பார்த்த வண்டிக்காரன் சுருளி, அத்தனையையும் ஏற்றி, முதலாளியையும் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டான்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குறுக்குப் பாதையில் ஓடிப் பழங்காநத்தத்தில் வண்டியை மறித்தாள்.

"எறக்கு சுருளி! அம்புட்டையும் எறக்கு!"

"என்னக்கா, கிறுக்குப் பிடிச்சிருச்சா? ரயிலு போயிரும்!"

"ஏழுதேன் பாத்தேன். எந்த ஏழுன்னு இப்பத் தெரியல. தப்பு என்னோடது. எறக்கு!"

முதலாளி போட்ட கூச்சலை அவள் காதில் வாங்கவே இல்லை. கல்லுக்கும் மரத்துக்கும் இப்போது எங்கே போவது? பொங்கலுக்குப் புது வேட்டி கட்டித் தெருவில் நின்ற இளவட்டங்களைப் பார்த்தாள்.

"என்ன மாப்ளைகளா, வடம் இழுக்க வாரீகளா? இல்ல, பொங்கலத் தின்னுட்டுப் படுக்கப் போறீகளா?"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்துக்குப் பத்துப் பேர், நடுவில் வடம். பொம்பளைகள் குலவை போட்டார்கள். ஒவ்வொன்றாகத் தாங்கியது. பன்னிரண்டாவது வடம் படாரென்று அறுந்தது. இருபது பேரும் புழுதியில் மல்லாக்க விழுந்தார்கள். தெருவே சிரித்தது. விழுந்தவர்களும்தான்.

அறுந்த முனையை மாயக்காள் பிரித்துப் பார்த்தாள். வெளியே புது நார், உள்ளே மக்கிப்போன பழசு.

"அதேன் கெட்டது கெடைச்சிருச்சுல்ல? மிச்சத்த ஏத்து!" என்றார் கண்ணுச்சாமி.

"கெட்டது ஒண்ணுதேன்னு யாரு சொன்னா மொதலாளி? இங்க விழுந்தவுக சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுட்டாக. அங்க பொதி விழுந்தா, கீழ நிக்கிறவன் எந்திரிப்பானா?"

ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதியது. கண்ணுச்சாமி தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்துச் சுருளி கையில் கொடுத்தார். பதின்மூன்றாவது வடத்தின் முனையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

"ம், இழுங்கடா."