மூன்று மூச்சுக்கு நேரமில்லை

கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். போன தடவை எனக்குச் சுகர் என்று வந்தது. "இப்பதான் எட்டிப் பாக்குது. மூணு மாசம் இனிப்பை நிறுத்திப் பாருங்க. குறையலைன்னா மாத்திரைதான்," என்றார் டாக்டர். என் அம்மாவுக்கு இதே சுகரில்தான் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அந்தப் புண்ணுக்குத் தினமும் துணிக்கட்டைப் பிரித்துக் கட்டியவள் நான். அதனால் டாக்டர் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அன்றைக்கே பென்னலூரில் எங்கள் வீட்டில் இருந்த சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

"அப்போ நான் டீய இன்னாத்த போட்டுக் குடிக்கிறது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சும்மா குடி. உனக்கும் வயசாவுது," என்றேன்.

எனக்கு நாற்பத்தொரு வயது. ஒரகடத்தில், காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்து அனுப்பும் கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை. லைனில் ஆறாவது இடம் என்னுடையது. நகர்ந்து வரும் பலகையில் இருக்கும் வயர்களுக்கு டேப் சுற்றி, கிளிப் மாட்டி, அடுத்த இடத்துக்கு விட வேண்டும். கை வேலை கைக்கே தெரியும். மனசு அது பாட்டுக்கு எங்கேயாவது திரிந்துகொண்டிருக்கும்.

அந்த மனசைப் பிடித்து நிறுத்தத்தான் சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார். காண்டீனில் பேனர் கட்டி, மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு என்றார்கள். எடுத்த முடிவு ஏன் பாதியில் நின்றுபோகிறது, நிற்காமல் இருக்க என்ன செய்வது என்பதுதான் பாடம். மேடம் ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்து, ஐந்து நிமிஷம் மெதுவாகச் சாப்பிடச் சொன்னார். நான் கையைத் தூக்கி, "மேடம், எனக்குச் சுகர். இனிப்பை விடுறதுதான் என் முடிவே," என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"பரவாயில்லைங்க, கையில வெச்சு வாசனை மட்டும் பாருங்க," என்றார் அவர்.

ஐந்து நிமிஷம் வெல்லத்தையும் வறுத்த கடலையையும் மோந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் நினைவிருக்கிறது.

ஆனாலும் அவர் சொன்ன ஒன்று எனக்குப் பிடித்தது. "ஆசை வரும்போது அதோட சண்டை போடாதீங்க. நில்லுங்க. மூணு மூச்சு நிதானமா விடுங்க. அந்த நேரத்துல மனசுல என்ன இருக்குன்னு பாருங்க. அதை ஒரு நோட்டுல எழுதுங்க." எழுத எனக்குத் தெரியும், செய்து பார்ப்போம் என்று மகளுடைய பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே தெரிந்துவிட்டது. லைனில் மூன்று மூச்சு விட்டால் ஒரு பலகை தாண்டிப் போய்விடும். டீ நேரம் பத்து நிமிஷம். அதில் பாதி வரிசையில் நிற்பதிலேயே கழியும். டீ சர்க்கரை போட்டேதான் வரும். காண்டீன்காரரிடம் கேட்டேன். "ஒருத்தருக்காகத் தனியா பால் வெக்க முடியாதுக்கா," என்றார். வெளியிலிருந்து ஃபிளாஸ்க் எடுத்துப் போனால் கேட்டில் நிறுத்திவிடுவார்கள். புதன்கிழமை காண்டீனில் கேசரி. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்தால் யார் வீட்டிலாவது ஞானஸ்நானக் கேக். முதல் மாசம் என் நோட்டில் நான் ஜெயித்த நாட்களைவிடத் தோற்ற நாட்களே அதிகம். ஒவ்வொன்றையும் கம்பெனி பஸ்ஸில் வரும்போது எழுதுவேன். எழுத எழுத என் மேலேயே எனக்கு வெறுப்பாக வரும்.

ஒருநாள் சாயந்தரம் பஸ் ஒரகடம் ஜங்ஷனில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. சும்மா உட்காராமல் நோட்டை முதலிலிருந்து படித்தேன். 'பசி இல்லை. கேசரி தின்றேன். ஆறு என்று கத்தினார்.' 'இரண்டு டீ. ஆறு, கை நிக்குது என்றார்.' 'பிஸ்கட் பாக்கெட் முழுசும். எல்லார் எதிரிலும் ஆறு, தூங்குறியா என்றார்.' பக்கம் பக்கமாக அதுதான். நாக்கு கேட்டு நான் இனிப்புத் தின்றது குறைவு. எங்கள் லைன் லீடர் என்னை நம்பர் சொல்லிக் கூப்பிட்ட நாட்களில்தான் தின்றிருக்கிறேன்.

அவருக்கு முப்பது வயது இருக்கும், திருநெல்வேலிப் பக்கம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பதினோரு வருஷத்தில் என்னைப் பேர் சொல்லியோ அக்கா என்றோ கூப்பிடாத லீடர் அவர் ஒருவர்தான்.

மேடம் இரண்டாவது தடவை வந்தபோது இதைச் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். பாராட்டவும் செய்தார். "ரொம்ப அழகா கவனிச்சிருக்கீங்க. இனிமே அந்தக் கோபம் வந்தா, மேகம் மாதிரி கடந்து போக விடுங்க."

"மேகம் போயிடும் மேடம். அவர் அங்கியேதான நிக்கிறாரு?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. "அது உங்க ஹெச்ஆர் பேச வேண்டிய விஷயம்," என்றார் மேடம். ஹெச்ஆர் ஆள் எங்களை வரிசையாக நிற்கவைத்து போட்டோ எடுத்தார். வகுப்பு முடிந்தது. கண்ணைத் திறந்து பார் என்றார்கள். பார்த்துவிட்டு வந்து சொன்னால், பார்த்ததோடு நிறுத்திக்கொள் என்கிறார்கள். பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை மனசு ஆறவில்லை.

மறுவாரம், ஷிஃப்ட் முடிந்து லாக்கர் பக்கம் போகும்போது லைன் லீடரை நானே நிறுத்தினேன்.

"தம்பி, என்னை ஆறுன்னு கூப்பிடாதீங்க. எனக்குப் பேர் இருக்கு. இல்லைன்னா அக்கான்னு சொல்லுங்க."

அவர் முழித்தார். "நான் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுதது இல்லையே. மொத்தம் முப்பது பேரு. மேல இருக்கவரு என்னையே லைன் ரெண்டுன்னுதான் கூப்பிடுதாரு. நான் போயி அவர்ட்ட என் பேரு இதுன்னு சொல்லவா முடியும்?"

"நீங்க சொல்லலைன்னா அது உங்க விஷயம். நான் சொல்லிட்டேன்," என்றேன்.

அவர் முகம் சிவந்தது. லாக்கரைத் திறந்து பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாளைக்கு வேறு லைனுக்குத் தள்ளுவார் என்று பயந்தேன். தள்ளவில்லை. இரண்டு நாள் அக்கா என்றார். மூன்றாம் நாள் மாசக் கடைசி, டார்கெட் எட்டவில்லை. "ஆறு! கை நிக்குது!" என்ற குரல் கேட்டது. அன்றைக்கும் காண்டீனில் இரண்டு டீ குடித்தேன். மூன்று மூச்சு விட்டுவிட்டுத்தான் குடித்தேன். என்ன செய்கிறேன் என்று நன்றாகத் தெரிந்தே குடித்தேன்.

மூன்று மாசம் முடிந்து மறுபடி போனபோது டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, "குறைஞ்சிருக்கு. ஆனா போதாது," என்று மாத்திரை எழுதினார். வீட்டில் சர்க்கரை இல்லை, பண்டிகைக்குப் பலகாரம் இல்லை, நோட்டு முழுக்க எழுத்து. எல்லாம் சேர்ந்து 'போதாது'.

"சார், மாத்திரையோட ஒரு லெட்டரும் எழுதிக் குடுங்க," என்றேன். "நான் வூட்லருந்து டீ எடுத்துட்டுப் போகணும்னு."

"இதுக்கெல்லாம் லெட்டரா?"

"கேட்ல கேப்பாங்க சார்."

எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலையில் ஃபிளாஸ்க்கோடு போனபோது, கேட்டில் இருந்த செக்யூரிட்டி லெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீல் இல்லையேம்மா," என்றார். என் பின்னால் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நகரவில்லை. "ஹெச்ஆருக்குப் போன் போடுங்க, நிக்கிறேன்," என்றேன்.