தொட்டிச் சுவரில் அக்காவின் ஆங்கிலம்

துடியலூர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி என்றதும் அதன் சிமெண்ட் சுவரில் அக்கா சாக்பீஸால் எழுதிய எழுத்துதான் நினைவுக்கு வருகிறது. தண்ணீர் விடும் நாளில், குடம் நிரம்பும்வரை சும்மா நிற்க அவளால் முடியாது. அப்பாவின் லேத் பட்டறையிலிருந்து எடுத்துவந்த சாக்பீஸால் ஓர் ஆங்கில மரபுத்தொடரை எழுதிப்போடுவாள். அடுத்த முறை தண்ணீர் வரும்வரை அது அங்கேயே இருக்கும். ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்றால் அத்தி பூத்தாற்போல எப்போதாவது நடப்பது. ‘பீஸ் ஆஃப் கேக்’ என்றால் வெகு சுலபம். ‘கோல்டு ஃபீட்’ என்றால் கடைசி நேரத்தில் தைரியம் கைவிட்டுவிடுவது. துணி துவைத்துக்கொண்டிருக்கும் அம்மாவையும் விடாமல் சொல்லவைப்பாள்.

ஒருநாள் ‘ப்ளோ யுவர் ஓன் ட்ரம்பெட்’ என்று எழுதினாள். தன் பெருமையைத் தானே பேசிக்கொள்வதாம். நம்ம பக்கம்தான் யாரும் அப்படிப் பேசுவதில்லையே, இதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று அவளே சிரித்தாள். உண்மைதான். இலை நிறையப் பலகாரம் வைத்துவிட்டு, “ஏதோ இருக்கறதச் சாப்புடுங்க” என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள்.

தொண்ணூறுகளில் அவிநாசி ரோட்டில் பம்ப்செட் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி, வெளிநாட்டுக்காரர்களுடன் பேச ஆள் எடுத்தது. அக்காவுக்கும் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அதற்குள் கோபிசெட்டிபாளையத்துத் தோட்டக்கார வீடு ஒன்று அவளைப் பார்த்துப் பிடித்துப்போய்க் காத்திருந்தது. வேலை கிடைத்தால் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம், இல்லாவிட்டால் வருகிற முகூர்த்தத்தில் முடித்துவிடுவேன் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

நேர்முகத் தேர்வில், வடக்கிலிருந்து வந்த அதிகாரி ஆங்கிலம் நன்றாக வருமா என்று முதலில் கேட்டிருக்கிறார். ஏதோ கொஞ்சம் தெரியும் என்று அக்கா ஆங்கிலத்திலேயே பணிவாகச் சொன்னாளாம். உள்ளூர் ஆளாக இருந்தால் சிரித்துவிட்டு அடுத்ததைக் கேட்டிருப்பார். அந்த மனிதர் அதை அப்படியே நம்பிவிட்டார். கொஞ்சம் தெரிந்தால் இந்த வேலைக்குப் போதாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வாயைத் திறந்து நன்றாகத் தெரியும் என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்று அவளிடம் கத்தினேன்.

“பெரியவங்க முன்னாடி ஒக்காந்துக்கிட்டு, எனக்கு நல்லாத் தெரியும்னு எப்புடிக் கண்ணு சொல்றது?” என்றாள். பிறகு போய்த் தொட்டிச் சுவரைக் கழுவினாள். அந்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் முடிந்தது.

கோபியில் அவள் ஆங்கிலத்தை யாரும் கேட்கவில்லை. தோட்டத்து ஆட்களுக்குச் சமையல், கறவை மாடு, மாமியாரின் மூட்டுவலி என்று வருடங்கள் போயின. எதைக் கேட்டாலும், “எனக்கென்னங்க தெரியும்” என்பதே அவள் பதிலாக இருந்தது.

சென்ற மாதம் மகளுடன் வந்திருந்தாள். தண்ணீர் விட்ட நேரம், இருவரும் தொட்டியடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மகள் போனைப் பார்த்தபடி, ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்றால் என்னம்மா என்று கேட்டாள்.

“எனக்கென்ன அம்மணி தெரியும்” என்றாள் அக்கா.

வழக்கம்போலப் பணிவுக்குச் சொல்கிறாள், இதோ இப்போது அர்த்தம் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அந்த வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடம் நிரம்பி வழிந்தது. குழாயை நான்தான் போய் மூடினேன்.