செல்லாத்தாள் பார்க்காத படங்கள்

திருப்பூர் மண்ணரையில் பனியன் கம்பெனி நடத்தும் தரணீதரனின் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், கூடத்துச் சுவரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிய இடத்திலேயே கொஞ்சம் நின்றுவிடுவார்கள். சுவர் முழுக்கப் பழைய சினிமா போஸ்டர்கள், கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கும். தரணீதரன்தான் சினிமாப் பைத்தியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவை அவனுடைய அம்மா செல்லாத்தாளுடையவை. அறுபதை நெருங்கும் அவள் அந்தப் படங்களில் ஒன்றைக்கூடக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

அவள் கொமரலிங்கத்துக்காரி. பள்ளிக்கூடம் போகும் வழியில் இருந்த ரைஸ் மில் சுவரில் டூரிங் கொட்டகைக்காரர்கள் போஸ்டர் ஒட்டுவார்கள். அண்ணன்மார் ஒரு படம் விடமாட்டார்கள். இவள் கேட்டால், பொட்டப்புள்ளைக்குக் கொட்டாயில் என்ன வேலை என்பார் அப்பா. கேட்டுக் கேட்டு ஓய்ந்தவள், சுவரைப் பார்த்துத் தானே கதை கட்ட ஆரம்பித்தாள். ஒரு போஸ்டரில் மஞ்சள் சேலைக்காரி ஒருத்தி ரயில்பெட்டியின் வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பாள். யாரிடமும் சொல்லாமல் வேலை தேடிப் பட்டணம் போகிறாள் என்பது செல்லாத்தாள் கட்டிய கதை. மழையில் அது கிழிந்து தொங்கும்வரை தினம் ஒரு காட்சி கூடிக்கொண்டே போனது.

கல்யாணமாகித் திருப்பூர் வந்தாள். இங்கே தியேட்டருக்குப் பஞ்சமில்லை. புருஷன் பழனிமுத்துவுக்குச் சினிமா என்றால் உயிர். சனிக்கிழமை கம்பெனி ஆட்களுக்குச் சம்பளம் போட்டதும் கூட்டாளிகளோடு கிளம்பிவிடுவார். அடுத்த வாரம் உன்னைக் கூட்டிப்போகிறேன் என்பார். அடுத்த வாரம் ஆர்டர் அவசரமாக இருக்கும், இல்லாவிட்டால் மாமியாருக்கு முடியாமல் போகும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும். ஒருமுறை தலைக்குப் பூ வைத்துப் புறப்பட்டு நின்றவளிடம், கூட்டம் ஜாஸ்தியாக இருக்கிறதாம், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் மட்டும் போய்வந்தார். அந்தப் படம் நூறு நாள் ஓடியது. இன்னொரு நாள் வரவேயில்லை.

அவர் காலமான பிறகு ஒரு நாள், கம்பெனியின் வெட்டுத்துணி வேஸ்ட்டை வாங்கும் அலாவுதீனின் குடோனுக்கு அவள் போக வேண்டியிருந்தது. இடித்துக்கொண்டிருந்த ஒரு தியேட்டரிலிருந்து பழைய காகிதக் கட்டுகள் அங்கே வந்து இறங்கியிருந்தன. சும்மா புரட்டியவள், மஞ்சள் சேலையைக் கண்டதும் துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். மயக்கம் என்று நினைத்து அலாவுதீன் தண்ணீர் எடுக்க ஓடினார்.

அதிலிருந்து, தன்னைப் போக விடாத படங்களின் போஸ்டர்களாகத் தேடித் தேடி வாங்கினாள். தலையில் பூவோடு நின்ற நாளின் படம் கோயம்புத்தூரில் அகப்பட்டது. அதை வாசலுக்கு நேரே மாட்டினாள்.

தரணீதரனுக்கு இது பிடிக்கவில்லை. எல்லாப் படமும் போனிலேயே இருக்கிறதே, காகிதத்தை எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றான். ரயில் படத்தைப் போட்டும் கொடுத்தான். அதில் மஞ்சள் சேலைக்காரி காதலனோடு கோபித்துக்கொண்டு ரயில் ஏறுகிறாள். அடுத்த ஸ்டேஷனிலேயே அவன் வந்து இறக்கிக் கூட்டிப்போய்விடுகிறான். தன் கதை எவ்வளவோ மேல் என்று செல்லாத்தாளுக்குத் தோன்றியது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இந்த வருஷம் பழனிமுத்துவின் திதி நெருங்கிய சமயம், அவள் ஒரு கல்யாணத்துக்காக அவிநாசிபாளையம் போயிருந்தாள். பந்தியிலிருந்து எழுந்து கை கழுவும்போது அலாவுதீன் போனில் கூப்பிட்டார்.

"அக்கா, உங்க ஊட்டுப் படமெல்லாம் வேஸ்ட் மூட்டையோட வந்திருக்குதுங்க. நீங்க சொல்லித்தான் அனுப்புனாங்களா?"

"இல்லீங்க. அப்படியே வெச்சிருங்க, வந்தர்றேன்."

பஸ் பிடித்து நேராகக் குடோனுக்குப் போனாள். படங்களை ஒரு டெம்போவில் ஏற்றி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, தெருவே வேடிக்கை பார்க்க வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினாள்.

கூடத்தில் தரணீதரனோடு பழனிமுத்துவின் அண்ணன் ஆறுமுகசாமி இருந்தார். சுவரில் பழனிமுத்துவின் பெரிய போட்டோ மட்டும் சந்தன மாலையோடு தொங்கியது. யார் சொல்லி மற்றதெல்லாம் கழன்றது என்பதை அவள் கேட்கவில்லை. அவரே சொன்னார். தெய்வமாகிப் போன மனுஷனின் போட்டோவுக்குப் பக்கத்தில் கூத்தாடிகள் இருக்கலாமா, திதிக்கு வரும் பங்காளிகள் என்ன நினைப்பார்கள், தம்பிக்கு இதுவா மரியாதை என்று நிதானமாகத்தான் கேட்டார்.

அவர் எதிரில் செல்லாத்தாள் உட்கார்ந்ததே கிடையாது. அன்றைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இந்தப் படமெல்லாம் உங்க தம்பி பாத்துப்போட்டாருங்க மாமா. நாந்தான் பாக்கல. அவுரு போட்டோ அங்கயே இருக்கட்டும், நானே மாலை மாத்தறேன். எதுத்த செவுரு எனக்கு வேணும்."

"நாலு பேரு கேட்டா என்னம்மா சொல்றது?"

"எங்கிட்ட அனுப்பி வையுங்க. எந்தப் படத்துக்கு யாரு என்னைய உடலைன்னு ஒண்ணொண்ணா சொல்றேன்."

ஆறுமுகசாமி தரணீதரனைப் பார்த்தார். ஸ்டூலை எடுத்து வா சாமி என்று செல்லாத்தாள் மகனிடம் சொன்னதற்கு, அவன் கம்பெனியில் வேலை இருக்கிறது என்று வெளியே போய்விட்டான். மருமகள் நித்யஸ்ரீதான் ஸ்டூலைக் கொண்டுவந்து, மாமியார் ஏறி இறங்கும்வரை பிடித்துக்கொண்டாள். ஒரு சட்டத்தின் கண்ணாடி குடோனில் விரிசல் விட்டிருந்தது. அதையும் மாட்டினாள்.

திதிக்கு எல்லோரும் வந்தார்கள். ஆண்கள் சுவரைப் பார்க்காத பாவனையில் சாப்பிட்டார்கள். தரணீதரன் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபம் தணிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஆறுமுகசாமி போஸ்டர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, முதல் ஆளாகப் போய்க் காரில் ஏறினார்.

அவருடைய மனைவி மட்டும் ஒரு போஸ்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். வாயே திறக்காத மனுஷி. செல்லாத்தாள் பக்கத்தில் போனாள்.

"இதுக்கு என்னையும் உடலீங் கண்ணு" என்றார் அவர், சுவரைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

வெளியே ஆறுமுகசாமி ஹாரனை விடாமல் அடித்தார். அவர் மனைவி அடுத்த போஸ்டருக்கு நகர்ந்தார்.