பூங்காவில் பெண் பார்த்த நாள்

என் சித்தியைப் பெண் பார்க்க வந்தது வீட்டுக்கு அல்ல, ஓர்ஸ் ஹில் சரிவில் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் சின்னப் பூங்காவுக்கு. அப்பாவின் யோசனை அது. சண்டைக் காலத்தில் ஷெல் துண்டு பட்டதிலிருந்து சித்தி இடது காலை இழுத்துத்தான் நடப்பா. அதைக் கண்டு ஒரு சம்பந்தம் ஏற்கெனவே குழம்பிப் போயிருந்தது. வீடென்றால் தேத்தண்ணித் தட்டோடு நடந்து வரவேண்டும். பூங்காவில் முன்கூட்டியே போய் வாங்குப் பலகையில் இருந்துவிடலாம்.

"என்ன நடந்தாலும் எழும்பாதை," என்று அம்மா சித்தியின் சேலையைக் கால் மறைய இழுத்துவிட்டா. எனக்கு அப்போது எட்டு வயது.

லிங்கநகரிலிருந்து மாப்பிள்ளை தன் அக்காவோடு வந்தார். பெரியவர்கள் மழையைப் பற்றிக் கதைத்தார்கள். சித்தி நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. திடீரென்று அவர் சித்தியிடமே கேட்டார், "ஒருக்காச் சுத்திப் பாப்பமா?"

அப்பா பதறிப்போனார். "வெயிலுக்குள்ள ஏன் தம்பி? இருந்து கதைப்பம்."

வெயில் எங்கே இருந்தது? வாகை மரம் பூங்கா முழுவதையும் மூடியல்லவா நின்றது.

சித்தி எழுந்தா. சேலைத் தலைப்பைப் பிடித்த அம்மாவின் கையை மெல்ல விலக்கினா. "எனக்குக் கால் ஏலாது. மெல்லமாத்தான் நடப்பன்."

அவர் சித்தியின் காலைப் பார்த்தார். பிறகு பூங்காவைப் பார்த்தார்.

"சின்னப் பூங்காதானே," என்றார். "கெதியா நடந்தா முடிஞ்சு போயிடும்."

துணைக்கு என்னை அனுப்பினார்கள். சித்தி அவ்வளவு கதைத்து நான் கேட்டதேயில்லை. வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரிகளின் குடும்பங்களுக்காகப் போட்ட பூங்காவாம். பாண்ட் வாசிக்கிற எண்கோண மண்டபத்தையும், தண்ணீர் வற்றிப்போன கல் தொட்டியையும் காட்டினா. சண்டைக் காலத்தில் சுற்றிவர முள்கம்பி அடித்துப் பூட்டியிருந்தபோது, மான்கள் மட்டும் எங்கோ இடைவெளி கண்டு உள்ளே போய்ப் படுத்திருக்குமாம்.

"ரோட்டில நிண்டு அதுகளப் பாப்பன். பொறாமையா இருக்கும்," என்றா.

அவர் சிரித்தார். தொட்டியடியில் நின்றார். மண்டபப் படியில் சித்தியை இருக்கச் சொல்லிவிட்டு, தூண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

சுற்றி முடிந்து வாங்கடிக்கு வந்தோம். அவர்கள் நிற்கவில்லை. திரும்பவும் தொட்டிப் பக்கம் நடந்தார்கள். எனக்குக் கால் உளைந்தது.

"எல்லாம் பாத்து முடிஞ்சுது அம்மா, பிறகும் ஏன் போகினம்?" என்று முறையிட்டேன். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டா.

பாவம், எதையும் ஒருதரம் பார்த்தால் விளங்காத ஆள் போல என்றுதான் அன்றைக்குச் சித்தப்பாவைப் பற்றி நினைத்தேன்.